மணல் ஃபில்டரும் நானும்: வீட்டு நீச்சல்குளத்தோடு ஆறு வருஷம்

பெங்களூரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் 2019-இல் வீடு கட்டியபோது பின்புறம் எட்டுக்கு நாலு மீட்டரில் சின்னதாக ஒரு நீச்சல்குளமும் கட்டினோம். சராசரி ஆழம் 1.2 மீட்டர், பிடிப்பது 38,000 லிட்டர் சொச்சம். டைல்ஸ் நிறத்துக்காக இரண்டு வாரம் கடை கடையாக அலைந்தோம். ஃபில்டரை மட்டும் பத்தே நிமிஷத்தில் முடிவு செய்தோம். அதற்கான தண்டனையை ஒன்றரை வருஷம் அனுபவித்தேன்.

விற்றவர் சொன்னது ஒரே வரி: "கார்ட்ரிட்ஜ் போடுங்க சார், பேக்வாஷே வேண்டாம், தண்ணி மிச்சம்." கார்ட்ரிட்ஜ் என்பது மடிப்பு மடிப்பான துணி ஃபில்டர்; பேக்வாஷ் என்பது மணல் ஃபில்டருக்குள் தண்ணீரைத் தலைகீழாக விட்டு அழுக்கைச் சாக்கடைக்குத் தள்ளுவது. டேங்கர் வந்தால்தான் குளியல் என்றிருக்கும் ஊரில் இதைக் கேட்டு யார்தான் மயங்கமாட்டார்கள்? அவர் சொன்னது பொய்யும் இல்லை. மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசியைப் பிடிக்கும் என்றால், கார்ட்ரிட்ஜ் 10-20 மைக்ரானையே பிடித்துவிடும். முதல் இரண்டு மாதம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவர் எங்கள் போர்வெல் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குழாய் வாயில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு கார்ட்ரிட்ஜின் மடிப்புகளிலும் படிந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை கழற்றி, ஹோஸ் பைப்பால் மடிப்பு மடிப்பாக அடித்துக் கழுவ வேண்டும். முக்கால் மணி நேரம் முதுகு ஒடியும். மிச்சப்படுத்திய தண்ணீர் அங்கேயே போய்விடும். ஒருநாள் பொறுமையிழந்து நேராக ஆசிட் கரைசலில் ஊறப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது: முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புக் கரைசலில் எடுத்துவிட்டுத்தான் ஆசிட் பக்கம் போக வேண்டும். இல்லையென்றால் பிசுக்கு துணியோடு இறுகிவிடும். எங்கள் வீட்டில் பிசுக்குக்குப் பஞ்சமே இல்லை. மகள்கள் இருவரும் தேங்காய் எண்ணெய் வழியும் தலையோடு குதிப்பார்கள். (தீபாவளியன்று மட்டும் குளத்துக்குப் பூட்டு.)

2021 தொடக்கத்தில் மணல் ஃபில்டருக்கு மாறினேன். இந்த முறை கணக்குப் போட்டேன். வீட்டுக் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். ஆறு மணி நேரம் என்று வைத்தால் எனக்கு மணிக்கு 6,400 லிட்டர். 20 அங்குலத் தொட்டியே தாங்கும்; நான் 24 அங்குலம் வாங்கினேன். மணல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவு நன்றாக வடிகட்டும். ஆனால் பேக்வாஷில் அதே மணலைத் தூக்கிப் புரட்டும் அளவுக்கு மோட்டாருக்குத் தெம்பு வேண்டும். தொட்டியைப் பெரிதாக வாங்கிவிட்டு மோட்டாரைச் சின்னதாகப் போட்டால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

பேக்வாஷ் விஷயத்தில் பலரும் தப்புச் செய்கிறார்கள். வந்து மாட்டிய பையன் தினமும் செய்யச் சொன்னான். வேண்டவே வேண்டாம். லேசாக அழுக்கேறிய மணல்தான் சுத்தமான மணலைவிட நுண்ணிய தூசியைப் பிடிக்கும். கழுவி முடித்ததும் பிரஷர் கேஜ் எவ்வளவு அழுத்தம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 10 பிஎஸ்ஐ. அதிலிருந்து எட்டு, பத்து ஏறினால் மட்டும் கழுவினால் போதும். எனக்குச் சாதாரண நாட்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். பங்குனி, சித்திரையில் புங்கம்பூ உதிரும்போது மட்டும் மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடை தினமும் நிரம்பும், கேஜும் சீக்கிரம் ஏறும். ஒரு பேக்வாஷுக்கு மூன்று நிமிஷம், 500 லிட்டர் போகும். பிறகு அரை நிமிஷம் ரின்ஸ், அதாவது மணலை அலசிய தண்ணீரையும் சாக்கடைக்கு விடுவது. அதைத் தவறவிட்டால் கலங்கல் அப்படியே குளத்துக்குத் திரும்பி வரும்.

2022 கோடையில் குளத்தில் தினமும் ஓர் அங்குலம் தண்ணீர் குறைந்தது. கணக்குப் பார்த்தால் 800 லிட்டர். வெயிலில் அவ்வளவு ஆவியாகாது. பார்க்க வந்த ஒருவர் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு டைல்ஸை உடைக்க வேண்டும் என்றார். கிருஷ்ணகிரிக்காரத் தம்பி ஒருவர் எங்களுக்குப் பிளம்பிங் செய்வார். அவர் வந்ததும் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் மோட்டார் அறைக்குப் போனார். பேக்வாஷ் தண்ணீர் வெளியேறும் வடிகால் குழாயின் வாயில் விரலை வைத்தார். ஈரம்.

"அண்ணா, மோட்டார் ஓடும்போதே வால்வு கைப்பிடியைத் திருப்புனீங்களா?"

திருப்பியிருந்தேன், அதுவும் பல தடவை. ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ் என்று ஆறு நிலை கொண்ட அந்த வால்வின் உள்ளே சிலந்திக் கால் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. தண்ணீர் அழுத்தத்தோடு திருப்பினால் அது இடம் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. புது கேஸ்கெட் ஒட்டியதோடு சரியாகிவிட்டது. உங்களுக்கும் இப்படிக் குறைந்தால், இரண்டு நாள் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். ஓடும் நாளில் மட்டும் குறைந்தால் முதலில் வால்வைப் பாருங்கள், டைல்ஸைத் தொட வேண்டாம்.

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, நீச்சல்குளங்களுக்குக் குடிநீர் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. மழை வரும்வரை குளத்தை மூடி போட்டு வைத்தேன். மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். அதனால் ஸ்கிம்மர் வால்வை அடைத்துவிட்டு, அடிவடிகால் வழியாக மட்டும் ஓட்டினேன். பேக்வாஷ் மாதம் ஒன்று, அதையும் சாக்கடைக்கு விடவில்லை. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து, மூடாமல் மூன்று நாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும். இரண்டு தென்னை மரமும் அதைத்தான் குடித்தன, இன்றும் குடிக்கின்றன.

மணல் ஐந்து முதல் ஏழு வருஷம் வரும் என்பார்கள். கடின நீருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எனக்கு நாலரை வருஷத்திலேயே கேஜ் ஏறாமல் தண்ணீர் மட்டும் மங்கலானது. திறந்து பார்த்தால் மணலில் அங்கங்கே எலுமிச்சை அளவுக்குக் கட்டிகள். தண்ணீர் அவற்றைச் சுற்றி வழி கண்டுபிடித்து வடிகட்டப்படாமலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீரின் அமில-கார அளவான pH-ஐ 7.2 முதல் 7.6-க்குள் ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். நான் நடுவில் அசட்டையாக இருந்துவிட்டேன். கலங்கலைத் தெளியவைக்கப் படிகாரத்தை அள்ளிப் போட்டதும் ஒரு காரணம். படிகாரம் போட்டால் அழுக்கை இரவெல்லாம் அடியில் தங்கவிட்டு, வால்வை 'வேஸ்ட்' நிலையில் (தண்ணீர் மணலுக்குள் போகாமல் நேராகச் சாக்கடைக்குப் போகும்படி) வைத்து வாக்யூம் செய்து வெளியேற்ற வேண்டும். மணலுக்குள் விடக் கூடாது.

புது மணல் 140 கிலோ, அரை மில்லிமீட்டர் சிலிகா. கொட்டும் முன் நடுக்குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். காலித் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் அடியிலுள்ள சல்லடைக் குழாய்கள் முறிந்துவிடும். பழைய மணலை அள்ள அரை நாள், புதியதைக் கொட்ட இருபது நிமிஷம். மணலுக்குப் பதில் கண்ணாடித் துகள் போடச் சொன்னார்கள். விலையைக் கேட்டுவிட்டு மணலே போதும் என்றேன். கையோடு இரண்டு கேஸ்கெட்டும் ஒரு பிரஷர் கேஜும் வாங்கி மோட்டார் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். வால்வு கைப்பிடியில் என் மனைவி சிவப்பு நூல் கட்டி, 'மோட்டாரை நிறுத்தினீர்களா?' என்று ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறாள்.