நியூஹாமின் வாடகை வீட்டு உரிமத் திட்டம்: ரயில் நிலையத்துக்குக் கிடைத்த கவனம் அறைக்குள்ளும் வருமா?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், ஃபாரஸ்ட் கேட் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்கள் பயன்படுத்தியே ஆக வேண்டிய, ஆனால் மிகச் சிலரே பயன்படுத்துகிற ஒரு பொதுச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. அந்த வட்டாரத்தின் உள்ளாட்சியான நியூஹாம் கவுன்சில் நடத்தும் தனியார் வாடகை வீட்டு உரிமத் திட்டம்தான் அது. அதே வட்டாரத்தின் ரயில் நிலைய மேம்பாடுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். நிர்வாகத்தைக் கேள்வி கேட்க உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கப்படும் கவுன்சில்களின் ஆய்வுக் குழுக்கள் வாடகை வீடுகளின் தரத்தையும் நிலையங்களின் வசதியையும் இரண்டு தனித்தனிப் பொருள்களாகவே விசாரிக்கின்றன. வாடகை கொடுப்பவருக்கோ இரண்டும் ஒரே கணக்கில் வருகின்றன. நிலையத்தில் லிஃப்ட் வந்து, ரயில் வேகமாக வரத் தொடங்கியதுமே, ‘எலிசபெத் லைனுக்கு ஐந்து நிமிட நடை’ என்ற வரி ஏஜென்டின் விளம்பரத்தில் ஏறிவிடுகிறது, வாடகையும் அதோடு ஏறுகிறது, வீட்டுச் சுவரின் ஓதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், ஒரு பகுதியில் வாடகைக்கு விடப்படும் எல்லா வீடுகளுக்கும் உரிமம் கேட்கும் அதிகாரத்தைக் கவுன்சில்களுக்குக் கொடுத்தது. அந்த அதிகாரத்தைத் தன் எல்லை முழுவதற்கும் முதலில் பயன்படுத்திய கவுன்சில் நியூஹாம். ராபின் வேல்ஸ் மேயராக இருந்தபோது, 2013 ஜனவரியில் அது தொடங்கியது. 2018இல் இரண்டாம் சுற்று, 2023 ஜூன் முதல் தேதியில் மூன்றாம் சுற்று. இப்போதைய சுற்றில் 24 வார்டுகளில் 22 அடங்குகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க், ராயல் விக்டோரியா ஆகிய இரண்டும் மட்டும் வெளியே. மூன்று நான்கு பேர் பகிர்ந்து வாழும் வீடுகளுக்கான கூடுதல் உரிமம் அதே ஆண்டு ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாகப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு நாடு முழுவதும் உரிமம் கட்டாயம். 2021 கணக்கெடுப்பின்படி நியூஹாமின் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தனியார் வாடகையில் இருப்பதால், இது ஏதோ ஓரத்தில் நடக்கும் திட்டமன்று.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அதன் பொதுப் பதிவேடு. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை எவரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நியூஹாமின் பதிவேட்டை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் தேடலாம். படிக்க வந்த உறவுப் பிள்ளைகளுக்கு அறை பார்க்கும்போதெல்லாம், முன்பணம் கைமாறுவதற்கு முன் நான் செய்யும் முதல் வேலை அஞ்சல் குறியீட்டை அதில் தட்டிப் பார்ப்பதுதான். வீடு அதில் இருக்கிறதா, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டு விவரங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வாடகை வாங்குபவர் ஒருவராகவும் உரிமம் வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருந்தால், வீட்டை மொத்தமாக எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடும் ஒருவரிடம் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அதில் தவறில்லை என்றாலும், யாரிடம் ரசீது கேட்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருப்பது நல்லது.

ஏன் நல்லது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருந்தவர், பன்னிரண்டு மாதம் வரையிலான வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் அந்தத் தொகையை நேரடியாக வாடகை வாங்கியவரிடமிருந்து மட்டுமே பெற முடியும், அவருக்கு மேலுள்ள வீட்டு உரிமையாளரிடமிருந்து பெற முடியாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைத்தரகர் கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போய்விட்டால், குடியிருந்தவர் கையில் தீர்ப்பு மட்டும் மிஞ்சும். 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. திரும்பப் பெறும் வரம்பையும் இரண்டு ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் ‘பிரிவு 21’ அறிவிப்பை 2026 மே 1 முதல் ஒழிப்பதும் இதே சட்டம்தான். புகார் கொடுத்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு, உரிமத் திட்டத்தைவிட இந்த ஒரு வரி பெரிய உதவி என்பது என் கருத்து.

உரிமத்தோடு வரும் நிபந்தனைகள் காகிதத்தில் கச்சிதமானவை. ஆண்டுக்கொருமுறை எரிவாயுப் பாதுகாப்புச் சான்று, புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், எழுத்துவடிவில் குடியிருப்பு ஒப்பந்தம். மின் இணைப்புகளை ஐந்து ஆண்டுக்கொருமுறை சோதிப்பது 2020 முதல் எல்லா வாடகை வீட்டுக்கும் தனிச் சட்டமாகவே இருக்கிறது. உரிமம் தேவைப்படும் பகிர்வு வீடுகளில் தூங்கும் அறைக்கு அளவும் உண்டு: பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 6.51 சதுர மீட்டர், இருவருக்கு 10.22 சதுர மீட்டர். 6.51 என்பது ஏறக்குறைய ஏழடிக்குப் பத்தடி. மூன்றடி அகலக் கட்டில் ஒன்று, துணி அலமாரி ஒன்று, ஜன்னலோரம் மடிக்கணினி வைக்கச் சின்ன மேசை ஒன்று என்று போட்டுவிட்டால், கதவு முழுதாகத் திறக்காது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். இதுதான் குறைந்தபட்ச அளவு, அதாவது சட்டம் சரி என்று சொல்லும் அறை. மாடிக்கு மேல் கூரைச் சரிவில் கட்டிய அறைகளில், கூரை ஒன்றரை மீட்டருக்குக் கீழே தாழும் பகுதி கணக்கில் சேராது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அறை பார்க்கப் போகும்போது அளவுநாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

குறைக்கு வருகிறேன். உரிமம் கொடுப்பதற்கு முன் வீட்டை நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பதாரர் தகுதியானவரா, நிர்வாக ஏற்பாடுகள் திருப்தியாக உள்ளனவா என்று பார்த்து, கட்டணம் வாங்கி, காகிதத்தின் பேரிலேயே உரிமம் கொடுத்துவிட முடியும். ஆகவே, பதிவேட்டில் ஒரு வீட்டின் பெயர் இருப்பது அந்த வீட்டின் உரிமையாளரைப் பற்றிய சான்று. குளியலறைக் கூரையில் கறுப்பாகப் படர்ந்திருக்கும் பூஞ்சையைப் பற்றிய சான்றன்று. வீட்டின் நிலையை அளக்கத் தனியாக வேறொரு முறை இருக்கிறது. அதே 2004 சட்டத்தின் கீழ் வந்த அபாய மதிப்பீட்டு முறை 29 வகை அபாயங்களைப் பட்டியலிடுகிறது. ஓதமும் பூஞ்சையும், அளவுக்கு மீறிய குளிர், ஆள் நெரிசல், தீ, படிக்கட்டில் விழுதல் எல்லாம் அதில் அடக்கம். மிகக் கடுமையானதான முதல் வகை அபாயம் என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமையாகிவிடுகிறது. ஆனால் அதிகாரி படியேறி வந்தால்தான் முடிவு செய்ய முடியும். உரிமக் கட்டணம் எவ்வளவு வசூலானது, எத்தனை உரிமம் கொடுக்கப்பட்டது என்ற எண்களைவிட, எத்தனை வீட்டுக்குள் ஆள் போய்ப் பார்த்தார்கள் என்ற எண்ணைத்தான் ஆய்வுக் குழு முதலில் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லாமல் இருக்க முடியாது. தன் எல்லை முழுவதும் தனியார் வீட்டுக்காரர்களுக்கு நாட்டிலேயே முதலில் உரிமம் விதித்த இதே நியூஹாம் கவுன்சில், தன் சொந்த வீடுகளின் உரிமையாளர் என்ற முறையில், 2024 அக்டோபரில் சமூக வீட்டுவசதி ஒழுங்காணையத்திடமிருந்து ‘சி4’ என்ற கடைசித் தரத்தைப் பெற்றது. அந்தத் தரத்தைப் பெற்ற முதல் நிறுவனமும் இதுதான்; நிலுவையில் கிடந்த தீப் பாதுகாப்புப் பணிகள் அதற்கான காரணங்களுள் முக்கியமானவை. தனியார் வீட்டுக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து உரிமமே வேண்டாம் என்று வாதிடுவதில் இல்லை. கவுன்சில் வீட்டைச் சோதிக்க வெளியிலிருந்து ஓர் ஒழுங்காணையம் வந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. தனியார் வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு வெளியாள் கவுன்சில்தான்.

இனி ஆய்வுக் குழு. 2000ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி, முடிவெடுக்கும் மேயரும் அமைச்சரவை உறுப்பினர்களும் ஒரு பக்கம், அவர்களைக் கேள்வி கேட்கும் மற்ற உறுப்பினர்கள் ஒரு பக்கம். குழு எதையும் உத்தரவிட முடியாது. பரிந்துரைக்கலாம், அந்தப் பரிந்துரைக்கு நிர்வாகம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கவுன்சில் அதிகாரிகளை வரச் சொல்லிக் கேட்கலாம். ரயில் நிலையம் என்று வந்தால் அந்த அதிகாரமும் இளைத்துவிடுகிறது. மேனர் பார்க், ஃபாரஸ்ட் கேட், மேரிலேண்ட் நிலையங்கள் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் பொறுப்பு, தண்டவாளம் நெட்வொர்க் ரெயிலுடையது. அவர்களைக் கவுன்சில் குழு அழைக்கலாம், அவ்வளவுதான். சம்மன் அனுப்பி வரவழைக்கும் அதிகாரம், லண்டன் மேயரைக் கேள்வி கேட்கும் லண்டன் பேரவையிடம்தான் இருக்கிறது.

அதிகாரம் இல்லாத அந்த விஷயத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைத்திருக்கிறது என்பது வேடிக்கை. எலிசபெத் லைனாகப் பின்னர் பெயர் பெற்ற கிராஸ்ரெயில் திட்டத்தின் முதல் வரைவில், ஏழு நிலையங்களுக்குப் படியில்லாத வழியே கிடையாது. கிழக்கே மேரிலேண்ட், மேனர் பார்க், செவன் கிங்ஸ். மேற்கே ஹேன்வெல், ஐவர், லாங்லி, டாப்லோ. பழைய நிலையங்கள், செலவு அதிகம் என்பது அன்றைய விளக்கம். மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்து உரிமைக்காகச் செயல்படும் டிரான்ஸ்போர்ட் ஃபார் ஆல் அமைப்பு விடாமல் பிரசாரம் செய்ததன் பிறகு, 2014இல் ஏழுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. 2022 மே 24 அன்று லைனின் மையப் பகுதி திறந்தது. இப்போது 41 நிலையங்களும் படியில்லா வழி கொண்டவை.

மேனர் பார்க்கில் இதன் அருமை விசேஷ நாள்களில் தெரியும். சர்ச் ரோட்டில் உள்ள லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலுக்கு, முழங்கால் வலிக்கும் பாட்டிமார் தேங்காய் பழத் தட்டோடும், பிள்ளை வண்டி தள்ளும் தாய்மார் பையோடும் வருகிறார்கள். லிஃப்ட் கதவு திறந்து அவர்கள் நேராகத் தெருவுக்கு வந்துவிடுவதைப் பார்க்கும்போது, இதற்கு முன் அந்தப் படிகளை எப்படி ஏறினார்கள் என்ற கேள்விதான் எழுகிறது. ஆனாலும் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. சுரங்கப் பகுதி நிலையங்களில் நடைமேடையும் ரயிலும் சமமட்டத்தில் இருக்கின்றன, இங்கே அப்படியில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் ரயிலேற ஊழியர் பலகையைக் கொண்டுவந்து போட வேண்டும். மேரிலேண்டில் நடைமேடை குட்டையாக இருப்பதால், இருநூறு மீட்டர் நீள ரயிலின் எல்லாக் கதவுகளும் அங்கே திறப்பதில்லை. கடைசிப் பெட்டியில் தூங்கிக்கொண்டு வருபவர்கள் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது.

நிலையத்தில் ஒரு லிஃப்ட் நின்றால் அரைமணியில் நூறு பேர் பார்க்கிறார்கள், பத்துப் பேர் புகார் எழுதுகிறார்கள், உறுப்பினர்களும் அதே வழியில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். கூடத்தைத் தடுத்து அறையாக்கிய வீட்டில் நான்காவது ஆள் எங்கே தூங்குகிறார் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே அறிவார்கள், அவர்களுக்கோ புகார் எழுத ஆங்கிலமும் துணிவும் நேரமும் ஒன்றாக வாய்ப்பதில்லை. ஆகவே, புகார் வந்தால் வருவோம் என்ற ஏற்பாடு நிலையத்துக்குப் போதும். வாடகை வீட்டுக்குப் போதாது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பதிவேட்டுக்கு நாலரை, உரிம நிபந்தனைகளுக்கு நான்கு, நேரடிச் சோதனையை முன்வைக்காத வடிவமைப்புக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுப்பேன். நிலைய மேம்பாட்டுக்கு நான்கு. அறை தேடுபவர்கள் பதிவேட்டைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். வீட்டின் பெயர் அதில் இல்லையென்றால், கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். ஆய்வுக் குழுக் கூட்டங்களின் ஆவணங்கள் கூட்டத்துக்கு ஐந்து வேலைநாள் முன்பே வெளியாகிவிடும். பொதுமக்கள் உள்ளே போய் உட்காரலாம்.

உரிமத் திட்டம் ஒன்று ஐந்து ஆண்டுக்கு மேல் ஓட முடியாது என்பதால், இப்போதைய சுற்று 2028 மே மாத இறுதியோடு முடிகிறது. அடுத்த சுற்றைக் கொண்டுவருவதற்கு முன் கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அப்போது நான் எழுதப்போவது இது: கொடுத்த உரிமங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, வார்டு வாரியாக, அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்த வீடுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு காலாண்டும் ஆய்வுக் குழுவின் முன் வையுங்கள்.