ஒரு டிக், ரெண்டு டிக், நீல டிக்: எந்தச் செயலியில் எதற்கு என்ன அர்த்தம்?

போன மாதம் ஒரு மத்தியானம் அக்காவிடமிருந்து ஃபோன். குரலே சரியில்லை. "டேய், பொண்ணு காலைல எட்டு மணிக்குப் போனா. நான் அனுப்புன மெசேஜ் எல்லாம் ஒத்த டிக்லயே நிக்குது. ஃபோன் ஆஃப் ஆயிடுச்சா, தொலைச்சுட்டாளா, ஒண்ணும் புரியல. லைப்ரரில இருக்கும்போது கூப்பிடவே கூடாதுன்னு வேற சொல்லி வெச்சிருக்கா."

அக்கா மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்குப் படிக்கிறாள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் காலையில் இடம் பிடித்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பாள். பாடக்குறிப்பு, பழைய வினாத்தாள், நடப்பு நிகழ்வு எல்லாம் டெலிகிராம் சேனல்களில் வருவதால் அவள் குடியிருப்பே அங்கேதான். மகளுக்காக அக்காவும் டெலிகிராம் போட்டுக்கொண்டாள்.

"எதுல அனுப்புன?" என்றேன்.

"அதான்டா, காயித ஏரோப்ளேன் படம் போட்டிருக்குமே, அதுல."

விஷயம் அவ்வளவுதான். ஃபோன் நன்றாகத்தான் இருந்தது, பைக்குள் சைலண்டில் கிடந்தது. அக்கா வாட்ஸ்அப் பழக்கத்தில் டெலிகிராம் டிக்கைப் படித்துப் பயந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே மாதிரி டிக்கைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் படிகள் மூன்று. ஒரு சாம்பல் டிக் என்றால் மெசேஜ் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது, வாட்ஸ்அப் சர்வரில் இருக்கிறது. ரெண்டு சாம்பல் டிக் என்றால் எதிராளியின் கருவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரெண்டும் நீலமானால் திறந்துவிட்டார். (டிக்குக்குப் பதில் குட்டிக் கடிகாரம் தெரிந்தால் பிரச்சினை உங்கள் நெட்டில். எதிராளியைத் திட்ட வேண்டாம்.)

டெலிகிராமில் படிகள் ரெண்டே. ஒரு டிக் என்றால் டெலிகிராம் கிளவுடுக்குப் போய்விட்டது. ரெண்டு டிக் என்றால் அவர் திறந்து பார்த்துவிட்டார். 'போய்ச் சேர்ந்தது, இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்லும் நடுப்படி கிடையாது. அதனால் குழப்பம் ரெண்டு பக்கமும் வரும். டெலிகிராம் ஒத்த டிக்கைப் பார்த்து ஃபோன் அணைந்துவிட்டது என்று நினைப்போம், நெட்டோடு உயிரோடுதான் இருக்கும். ரெண்டு டிக்கைப் பார்த்து "நீலமாகலையே, இன்னும் பாக்கல போல" என்று காத்திருப்போம், அவர் அரை மணி முன்பே படித்துவிட்டுச் சும்மா இருப்பார்.

இந்த நடுப்படி ஏன் ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை? வாட்ஸ்அப் சர்வரை ஒரு தபால் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் அங்கே தங்கப்போவதில்லை. கொண்டு சேர்க்கும்வரைதான் வைத்திருப்பார்கள், அதிகபட்சம் 30 நாள். சேர்ந்தது என்று எதிராளியின் கருவி ஒப்புகை அனுப்பினால்தான் சர்வர் தன் பிரதியை அழிக்க முடியும். ரிஜிஸ்டர் தபாலில் கையெழுத்தாகித் திரும்பி வரும் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு மாதிரி. அந்த ஒப்புகையைத்தான் நமக்கு ரெண்டாவது டிக்காகக் காட்டுகிறார்கள். டெலிகிராமில் சாதாரண உரையாடல் எல்லாம் கிளவுடிலேயே தங்குகிறது. ஃபோன், டேப்லெட், அலுவலகக் கம்ப்யூட்டர் என்று எதிலிருந்தும் எட்டிப் பார்க்கலாம். இத்தனை கருவிகளில் எதற்குப் போய்ச் சேர்ந்ததை டிக் போடுவது என்று அவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அக்காவுக்கு அது பதில் இல்லை.

ஊரே நீல டிக்குக்குத்தான் சண்டை போடுகிறது. என்னைக் கேட்டால் இந்த விவகாரம் முழுவதிலும் உருப்படியான ஒன்று அந்த ரெண்டாவது சாம்பல் டிக்தான். காரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அப்பா அம்மா பள்ளிக்கரணையில், நான் அயனாவரத்தில். அன்று சாயங்காலத்துக்கு மேல் அங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஃபோன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. "தண்ணி உள்ள வந்துச்சா?", "மாடிக்குப் போங்க", "மாத்திரை இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் எட்டு மெசேஜ் போட்டிருந்தேன். எட்டும் ஒத்த டிக். ராத்திரி ரெண்டே முக்காலுக்குத் தூக்கம் வராமல் எடுத்துப் பார்க்கிறேன், கண் முன்னாலேயே மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ரெண்டு டிக்கானது. எட்டும். பதில் இல்லை, நீலமும் இல்லை. ஆனால் எங்கோ ஒரு கை அந்த ஃபோனை எடுத்து ஆன் செய்திருக்கிறது. அதற்குப் பிறகு தூங்கினேன். பேட்டரி ஒன்பது சதவீதத்தில் இருக்க, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு நிமிஷம் ஆன் செய்து சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்தாராம் அப்பா. ரெண்டு நாள் கழித்துச் சொன்னார். அன்றைக்கு நான் டெலிகிராமில் அனுப்பியிருந்தால் விடியும்வரை ஒத்த டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. எதிராளி வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரிலும் இணைத்து வைத்திருந்தால், ரெண்டாவது டிக் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் வரலாம். தரமணி அலுவலகத்தில் திறந்தபடி விட்டுவந்த லேப்டாப் "வந்தது" என்று சொல்லிவிடும், ஆளும் ஃபோனும் மழையில் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. எங்கள் அப்பாவிடம் லேப்டாப் இல்லை என்பதால் நான் நிம்மதியாகத் தூங்கியது சரிதான்.

இனி நீலம். வாட்ஸ்அப்பில் இது வந்தது 2014 நவம்பரில். வந்த சில நாளிலேயே எதிர்ப்புக் கிளம்பி, வேண்டாம் என்றால் அணைத்துவைக்கும் வசதியும் வந்தது. அணைத்தால் நீங்கள் படித்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. சிக்னல் செயலியிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ஐஃபோனின் ஐமெசேஜ் கொஞ்சம் தாராளம்: நீங்கள் காட்டாமலே மற்றவர் காட்டுவதைப் பார்க்கலாம், ஆளுக்கு ஆள் தனித்தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். மேனேஜருக்கு மறைத்து மனைவிக்குக் காட்டலாம், தலைகீழாகவும் செய்யலாம். டெலிகிராமில் படித்த டிக்கை மறைக்கவே முடியாது. 2024-லிருந்து தனி உரையாடலில் எத்தனை மணிக்குப் படித்தார் என்றும் காட்டுகிறார்கள். அந்த நேரத்தை மறைக்க வழி உண்டு, டிக்கை மறைக்க இல்லை. இன்ஸ்டாகிராம், மெசஞ்சர் இரண்டிலும் இப்போது அணைத்துவைக்கலாம்.

நீலமானால் படித்துவிட்டார் என்று அர்த்தமா? உரையாடல் திரையில் திறந்தது என்றுதான் அர்த்தம். கம்ப்யூட்டரில் உங்கள் பெயரைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் கீழே டீக்கடைக்குப் போயிருந்தால் நீங்கள் அனுப்புவது அனுப்பிய நொடியில் நீலமாகும். நாற்காலிதான் படிக்கும். மாறாக, மேலிருந்து இழுத்த நோட்டிஃபிகேஷனிலேயே முழுசாகப் படித்து முடித்தவருக்கு நீலமாகாது. நம் ஊரில் பாதிப் பேர் மெசேஜ் படிப்பது அப்படித்தான். "ப்ளூ டிக் வந்துச்சு, பதில் இல்ல" என்று கோபிப்பதும், "இன்னும் பாக்கல" என்று பொறுத்துப்போவதும், ரெண்டுமே பல நேரம் ஏமாற்றம்தான்.

குரூப் என்று வந்தால் கணக்கே மாறிவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் ரெண்டாவது டிக், எல்லாரும் பார்த்தால்தான் நீலம். எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் எந்த மெசேஜும் ஒத்த டிக்கைத் தாண்டியதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நியூ ஜெர்சி போன ஒருவர் பழைய இந்திய எண்ணை அப்படியே தூங்கவிட்டிருக்கிறார். அவர் ஒருவருக்காக மொத்தக் குரூப்பும் சாம்பல். செயலாளரோ "மெட்ரோ வாட்டர் லாரி நாளைக்கு வராதுன்னு போட்டேன், ஒருத்தரும் பாக்கல" என்று ஒவ்வொரு முறையும் புலம்புவார். மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' போனால் யார் யார் பார்த்தார்கள் என்று பெயரோடு வரும் என்று காட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஒரு தொல்லை. வீட்டு எண்ணோடு கேட்கிறார். தனி உரையாடலில் நீல டிக்கை அணைத்துவைத்தவரும் குரூப்பில் தப்ப முடியாது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெலிகிராம் குரூப் இதற்கு நேர் எதிர்: யாரோ ஒருவர் பார்த்தாலே ரெண்டு டிக். நூறு பேருக்குள் இருக்கும் குரூப்பில் மட்டும் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் ஏழு நாள்வரை கிடைக்கும். லாரித் தண்ணீர் மாதிரி எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டிய சேதிக்கு வாட்ஸ்அப் குரூப்தான். ஆயிரக்கணக்கான பேருக்கு வினாத்தாள் அனுப்ப டெலிகிராம்.

சிக்னலில் டிக் குட்டி வட்டத்துக்குள் இருக்கும். ஒரு வட்டம் சர்வருக்குப் போனது, ரெண்டு வட்டம் கருவிக்குச் சேர்ந்தது, ரெண்டும் நிறைந்திருந்தால் படித்தது. வாட்ஸ்அப்பின் அதே மூன்று படிதான், குழப்பமே இல்லை. ஆனால் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாவுக்கு வெறும் வட்டம் எது, நிறைந்த வட்டம் எது என்று தெரியவில்லை. கூகுள் மெசேஜஸில் வரும் ஆர்சிஎஸ்ஸும் (நெட் வழியாகப் போகும் புதுவகை எஸ்எம்எஸ்) கிட்டத்தட்ட இதே வட்டப் பாணிதான்.

பழைய எஸ்எம்எஸ்ஸை யாரும் கண்டுகொள்வதில்லை. அதில் படித்தாரா என்பது தெரியாது. ஆனால் ஆண்ட்ராய்டு மெசேஜ் செயலியின் செட்டிங்கில் டெலிவரி ரிப்போர்ட்டை ஆன் செய்துவைத்தால் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்ததும் தகவல் வரும். டேட்டா இல்லாமலே போகிற சமாச்சாரம், லேப்டாப் ஓட்டையும் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் அப்பா ஃபோனுக்கு ஒன்று அனுப்பிச் சோதித்துவைத்திருக்கிறேன்.

டிக் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 2018-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பிய நோட்டீஸ் சேர்ந்ததோடு திறக்கப்பட்டும் இருக்கிறது என்பதைக் குறியை வைத்தே ஏற்றுக்கொண்டார். எல்லா நோட்டீஸுக்கும் இது செல்லும் என்று எண்ண வேண்டாம். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அக்கா விவகாரத்துக்கு வருகிறேன். மகள் நூலகத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவது, ரெண்டு சாம்பல் டிக் வந்தால் பேசாமல் இருப்பது என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாகப் போனது. அதற்குள் மகள் நீல டிக்கை அணைத்துவைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா வாய்ஸ் மெசேஜாக மட்டும் அனுப்ப ஆரம்பித்தாள். கேட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கும் மைக் படம் நீலமாகும், நீல டிக்கை அணைத்துவைத்தாலும் அந்த மைக்கை அணைக்க முடியாது. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.