யாழ்ப்பாணத்தில் ஓர் அறை, திசைக்கு ஒரு நாள்

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகும் குடும்பங்கள் பல, விடுமுறையைக் கண்டி, நுவரெலியா, தெற்குக் கடற்கரை என்று பங்கிட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு உறவினர் வீடுகளைச் சுற்றுவதை மட்டும் வைக்கின்றன. வீட்டுக்கு வீடு தேநீர், பலகாரம், பழைய கதை. பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் இருப்பார்கள். திரும்பி வந்து, யாழ்ப்பாணத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். எனக்கு இது நீண்ட நாள் மனக்குறை. அதனால் இந்த முறை கணவர், பிள்ளைகள், மாமி எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்து, யாழ் நகரத்தையே விடுமுறை ஊராக எடுத்துக்கொண்டோம். நகரத்தில் ஓர் இடத்தில் தங்குவது, ஒவ்வொரு நாளும் ஒரு திசைக்குப் போவது, அந்தத் திசையில் இருக்கும் உறவுகளை அன்று மாலையே பார்த்து வருவது என்று திட்டம் போட்டோம். மேற்கே தீவுகள், வடக்கே வலிகாமம், கிழக்கே வடமராட்சி. பெரியம்மா வீடு அளவெட்டியில் என்றால் கீரிமலைக்குப் போகும் நாளில் அவருக்கு முறை.

சென்னையிலிருந்து பலாலிக்கு நேரே பறந்தோம். 2019 அக்டோபரில் திறந்த இந்தச் சர்வதேச விமான நிலையம், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழி வரும் களைப்பை இல்லாமல் செய்கிறது. மாமியின் முழங்காலுக்கு அது பெரிய உதவி. வருவது சிறிய விமானம் என்பதால், கனடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளின் எடை அப்படியே செல்லும் என்று நம்ப வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு, சொக்லேட்டையும் உடுப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். நிலையம் சிறியது. வரிசை நகர்ந்தது, அதிகாரிகள் தமிழில் பேசினார்கள். மாமி அந்த ஒன்றிலேயே மனம் குளிர்ந்துவிட்டார்.

தங்குவதற்கு நல்லூர்ப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். பஸ் நிலையத்தை ஒட்டிய விடுதிகள் பயணத்துக்கு வசதிதான், ஆனால் இரவில் ஓசை. நல்லூரில் காலையில் கோயில் மணி கேட்டு எழலாம். கந்தசுவாமி கோயிலில் பூசை, சொன்ன மணிக்கு ஒரு நிமிடமும் தவறாது. அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். கனடாவிலிருந்து வந்தவருக்கும் கைவண்டி தள்ளுபவருக்கும் அதே சீட்டு, அதே வரிசை. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. பதின்ம வயது மகனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைத்தது நல்லதாய்ப் போயிற்று. ஆவணி நெருங்கும் திருவிழாக் காலத்தில் போவதானால் இந்தப் பக்கத்தில் அறை கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

தீவு நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாற்றத்தோடு திரும்புவது அங்கேதான். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இருபுறமும் ஆழமற்ற கடல், இறால் கூடுகள், காலம் சரியாக இருந்தால் நாரைகளும் பூநாரைகளும். வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் படகுத்துறைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரக் கடல் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேர அளவு. சோளகக் காற்று எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் படகு நன்றாகவே ஆடும். தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல் ஏறுவது நல்லது.

முதல் முயற்சியில் நெடுந்தீவுக்குப் போக முடியவில்லை. விடுதி மூலம் ஏற்பாடு செய்த வாடகை வான், காலை ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டு ஏழரைக்கு வந்தது. நாங்கள் படகுத்துறையைத் தொடும்போது காலைப் படகு புள்ளியாகத் தெரிந்தது. மன்னிப்பு ஒரு சொல் இல்லை, கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைப்பும் இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு நேரம் பெரிதல்ல என்று யார் இவர்களுக்குச் சொல்லிவைத்தார்கள் என்று கோபம் வந்தது. குறுகிய விடுமுறையில் ஒரு காலை என்பது சிறிய இழப்பு அல்ல. அன்றைக்கு நயினாதீவுக்கு மட்டும் போனோம். நாகபூசணி அம்மனைத் தரிசித்து, மதிய அன்னதானத்தில் உட்கார்ந்து, நாகவிகாரை என்ற பௌத்த விகாரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தோம்.

அடுத்த முறை வானை நம்பவில்லை. விடியற்காலையில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸில் ஏறினோம். ஆசிரியர்கள், மருந்துப் பையோடு வயதானவர்கள், மா மூட்டைகள், ஒரு கூடை கோழிக்குஞ்சு. பஸ் படகு நேரத்துக்கு ஏற்பத்தான் ஓடியது, ஏனென்றால் தீவு மக்களின் வேலையும் வைத்தியமும் அதை நம்பியிருக்கின்றன. சுற்றுலாவுக்கு என்று தனியாக ஒழுங்கு செய்ததைவிட ஊர்மக்களுக்காக ஓடும் சேவை நம்பகமானது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், “பிள்ளை, இறங்கினதும் திரும்பி வரும் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு” என்றார். நான் உங்களுக்குச் சொல்வதும் இதுவே. மாலைப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

நெடுந்தீவில் ஓட்டோ பிடித்துச் சுற்றலாம். ஏறுவதற்கு முன் எந்தெந்த இடம், எவ்வளவு கூலி என்று பேசிக்கொள்ளுங்கள். பவளக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள் தீவெங்கும் ஓடுகின்றன. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, உள்ளே ஆட்கள் புகுந்து நிற்கக்கூடிய பெருக்கு (பாவோபாப்) மரம், தெற்கு வெளியில் மேயும் மட்டக்குதிரைகள். மகள் குதிரைகளைப் பார்த்தபின் ஓட்டோவில் ஏற மறுத்தாள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், வெளியில் நிழல் கிடையாது. மாமியை அன்று நகரத்திலேயே விட்டுப் போயிருந்தோம். படகில் ஏறி இறங்க ஆள் கைகொடுக்கிறார்கள், ஆனாலும் முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அந்தப் படிகள் சிரமம். தீவுப் பயணத்தில் பெண்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. நாங்கள் நின்ற ஓரிடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, திறப்பு (சாவி) யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. படகு நேரங்களை மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகையும் திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் இருந்தால், எத்தனை குடும்பங்கள் துணிந்து வருவார்கள்.

வலிகாமம் எளிதான நாள். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, பெண்களுடையது மதில் மறைவில். மாற்றுடுப்பு கொண்டுபோங்கள். நகுலேஸ்வரம், மாவிட்டபுரம் கோயில்களும் அருகிலேயே இருக்கின்றன. திரும்பும் வழியில் கந்தரோடையில் பழைய சிறு பௌத்தத் தூபிகளைப் பார்த்துவிட்டு அளவெட்டிக்குப் போனோம். பெரியம்மா புட்டும் மாம்பழமும் வைத்துக் காத்திருந்தார்.

வடமராட்சிக்கு மட்டும் வான் எடுங்கள், இடங்கள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கின்றன. நாங்கள் உறவினர் ஒருவர் சொன்ன ஓட்டுநரை அழைத்தோம். நேரத்துக்கு வந்தார், கடைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லை. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயில், பிறகு பருத்தித்துறை, அங்கிருந்து வல்லிபுரம் ஆழ்வார் கோயில். 1936 இல் பழைய எழுத்துப் பொறித்த பொன்னேடு கிடைத்த ஊர் இது. அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோதுதான் மணல் வெளியில் அவர்களுக்கு ஆர்வம் பிறந்தது. மணற்காட்டில் மணலுக்குள் அமிழ்ந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பிறகு போனால் கால் சுடாது. பருத்தித்துறை வடையை அதே ஊரில் வாங்குங்கள். தட்டையாக, மொறுமொறுப்பாக, பல நாள் கெடாமல் இருக்கும். ரொறன்ரோவரை உடையாமல் வந்தது.

நகரத்துக்கு என்று ஒரு முழு நாள் வையுங்கள். பொது நூலகம் வாசகர்களுக்கானது. சுற்றிப் பார்ப்பவர்களை மாலையில் குறித்த நேரத்தில்தான் விடுகிறார்கள், அது சரியான ஒழுங்கு. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த இடம் அது. மகன் வாசலில் வெகுநேரம் கேள்வி கேட்டான், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அங்கிருந்து கோட்டைக்கு நடக்கும் தூரம்தான், மதில் மேல் கடற்காற்று.

சாப்பாட்டில் என் முழு மதிப்பெண் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சி உணவகத்துக்கு. மாகாண விவசாயத் திணைக்களம் இடம் கொடுக்க, ஊர்ப் பெண்கள் தாங்களே சமைத்து, தாங்களே விற்கிறார்கள். உளுத்தந்தோசை, இலைக்கஞ்சி, குரக்கன் பண்டங்கள், மோதகம், கொழுக்கட்டை. கண்முன்னே சுடுகிறார்கள், விலை மிகக் குறைவு, இடம் சுத்தம். பரிமாறிய அக்கா, “காரம் கூடினால் சொல்லுங்கள், பிள்ளைக்குச் சம்பல் இல்லாமல் தருகிறேன்” என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். விடுதியின் காலை உணவைக் கைவிட்டுவிட்டு அங்கேயே போகத் தொடங்கினோம்.

மன்னாரையும் ஒரே நாளில் போய்வரலாம் என்று பலர் சொல்வார்கள். சங்குப்பிட்டிப் பாலத்தால் வழி சுருங்கியது உண்மைதான். ஆனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், திருக்கேதீஸ்வரத்தை அவசரமாகக் கும்பிட்டு, தலைமன்னாரைப் பார்க்காமல் திரும்புவதில் பயனில்லை. மன்னாருக்குப் போவதானால் ஓர் இரவு அங்கே தங்குங்கள். நேரம் இல்லையென்றால் அந்த நாளை நெடுந்தீவுக்குக் கொடுங்கள்.