சுமைச் சோதனை வரைபடம்: ஜேமீட்டரின் சொந்த அறிக்கையா, கிராஃபானா திரையா?

புதுச்சேரியில் விடுதி முன்பதிவுத் தளம் நடத்துகிறவர்களுக்கு டிசம்பர் 31 ஒரு கெடு. அந்த இரவுக்கு அறை தேடி வருகிற கூட்டத்தைத் தளம் தாங்குமா என்று நவம்பரிலேயே செயற்கைச் சுமை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவியில் சோதனையை ஓட்டி முடித்ததும், முடிவுகளை எதில் வரைந்து பார்ப்பது என்ற கேள்வி வருகிறது. நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, ஜேமீட்டர் 3.0 பதிப்பிலிருந்து கூடவே வரும் எச்.டி.எம்.எல். அறிக்கை. மற்றொன்று, ஜேமீட்டரின் பேக்கெண்ட் லிசனர் என்ற பகுதி வழியாக எண்களை இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸுக்கு அனுப்பி, கிராஃபானா என்ற வரைபடக் கருவியில் பார்ப்பது. இரண்டையும் வைத்து வேலை செய்த பிறகு நான் முதல் வழியின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஜேமீட்டரின் ஜன்னலுக்குள்ளேயே முடிவுகளை வரைந்து காட்டும் லிசனர்கள் என்ற பகுதிகளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவை ஸ்கிரிப்டைச் சரிபார்க்க மட்டும். முழுச் சுமையில் அவற்றில் ஒன்றான ‘வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ’யைத் திறந்து வைத்தால் நினைவகமும் சிபியுவும் அதற்கே செலவாகி, ஜேமீட்டரே தடுமாறலாம். அந்தத் தடுமாற்றமும் சர்வரின் தாமதமாகவே பதிவாகும்.

கிராஃபானாவின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. சோதனை ஓடும்போதே கோடு நகர்வதைப் பார்க்கலாம். இன்ஃப்ளக்ஸ்டிபிக்கு 5 நொடிக்கு ஒருமுறை எண்கள் போகின்றன. அதே நேர அச்சில் சர்வரின் சிபியு, டேட்டாபேஸ் இணைப்புகளின் எண்ணிக்கை, டிஸ்க் காத்திருப்பு ஆகியவற்றையும் அடுக்கி வைத்தால், பதில் நேரம் ஏறிய அதே நொடியில் இணைப்புகள் உச்சவரம்பைத் தொட்டது கண்ணுக்குத் தெரியும். ஜேமீட்டரின் அறிக்கையில் இது கிடைக்காது. ஓடும்போது ஜேமீட்டர் தருவதெல்லாம் டெர்மினலில் 30 நொடிக்கு ஒரு வரிச் சுருக்கம்தான். பிழை விகிதம் ஏறுகிறதா என்று பார்த்துச் சோதனையை நிறுத்த அந்த வரி போதும், காரணம் தேட அது போதாது.

என் முடிவைத் தீர்மானித்தது பெர்சன்டைல். வாடிக்கையாளரிடம் ‘நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இத்தனை மில்லிநொடிக்குள் பதில் கிடைத்தது’ என்று சொல்கிறோமே, அந்த எண்.

இன்ஃப்ளக்ஸ்டிபிக்கு ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியாகப் போவதில்லை. ஜேமீட்டர் தன் பக்கமே 95-ஆவது பெர்சன்டைலைக் கணக்கிட்டு, விடையை மட்டும் அனுப்புகிறது. கிராஃபானாவில் ஒரு மணி நேரத்தை ஒரே எண்ணாகக் காட்டச் சொன்னால், பெரும்பாலான டாஷ்போர்டுகள் அந்த விடைகளின் சராசரியை எடுக்கின்றன. பெர்சன்டைல்களைச் சராசரி எடுத்தால் கிடைப்பது பெர்சன்டைல் அல்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் நிமிடத்தில் 1,000 கோரிக்கைகள், எல்லாமே 500 மில்லிநொடிக்குள், 95-ஆவது பெர்சன்டைல் 400. இரண்டாம் நிமிடத்தில் கூட்டம் வந்துவிட்டது: 9,000 கோரிக்கைகள், பெர்சன்டைல் 6,000. சராசரி 3,200 என்று காட்டும். உண்மையில் 10,000 கோரிக்கைகளையும் ஒன்றாக வரிசைப்படுத்தினால் விடை 6,000-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். எண்ணிக்கையை மாற்றிப் போடுங்கள். முதல் நிமிடத்தில் 9,000 கோரிக்கைகள், எல்லாம் 500-க்குள். இரண்டாம் நிமிடத்தில் 1,000, அவற்றில் 400 மட்டும் 2 நொடிக்கு மேல், மற்ற 600-ம் 500-க்குள். அந்த நிமிடத்தின் பெர்சன்டைல் 6,000 என்றால் சராசரி அதே 3,200. உண்மை விடையோ 500-க்குள். ஒரே 3,200, ஒரு முறை பாதியாகக் குறைத்துச் சொல்கிறது, இன்னொரு முறை ஆறு மடங்குக்கு மேல் ஏற்றிச் சொல்கிறது. விடுதித் தளத்துக்கு வருவது முதல் வகைக் கூட்டம். அங்கேதான் எண் நம்மை ஏமாற்றி நிம்மதியாகத் தூங்க வைக்கும்.

சுமை அனுப்பும் இயந்திரங்கள் இரண்டு மூன்றாகி, ஒவ்வொன்றும் தன் பெர்சன்டைலைத் தனியாக அனுப்பினால் இதே சிக்கல்தான். மூன்று விடைகளை ஒன்றாக்க வழியே கிடையாது. இன்னொரு கண்ணியும் உண்டு. பேக்கெண்ட் லிசனரின் ‘விண்டோ மோட்’ இயல்பாக ‘ஃபிக்ஸ்டு’, அதாவது நேரத்தை வைத்து அல்ல, கடைசி இத்தனை மாதிரிகள் என்று எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும். ‘பணம் செலுத்து’ போல அரிதாக வரும் கோரிக்கையில், சர்வர் சரியான பிறகும் பழைய மோசமான மதிப்புகள் வெளியேறாமல் கோடு உயரத்திலேயே நிற்கும். கிராஃபானாவைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், ஜேமீட்டரின் அமைப்புக் கோப்பான யூசர் ப்ராபர்ட்டீஸில் அதை ‘டைம்டு’ என்று மாற்றிவிடுங்கள்.

எச்.டி.எம்.எல். அறிக்கை பிறப்பது, ஜேமீட்டர் முடிவுகளை எழுதி வைக்கும் ஜேடிஎல் கோப்பிலிருந்து. அது வெறும் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி, வரிக்குச் சுமார் 150 பைட். பத்து லட்சம் கோரிக்கைகள் என்றாலும் 150 எம்பிதான், ஜிப் செய்தால் இன்னும் சுருங்கும். மூலம் கையில் இருப்பதால், அடுத்த ஆண்டு டிசம்பரிலும் இதே சோதனையை வேறு நேர இடைவெளியில், வேறு வரம்புகளோடு திரும்ப வரையலாம். மூன்று இயந்திரங்களின் கோப்புகளை ஒட்டி ஒரே கணக்காக்கலாம். இரண்டாவது, மூன்றாவது கோப்புகளின் தலைப்பு வரியை நீக்கிவிட வேண்டும், எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் என்டிபி (வலைவழி நேர ஒத்திசைவு) மூலம் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூர், புதுச்சேரிப் பக்கம் மழைக்கு மின்சாரம் போவது புதிதல்ல. சோதனை பாதியில் அறுந்தாலும் அதுவரை எழுதிய வரிகள் டிஸ்க்கில் இருக்கும். அறுந்துபோன கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு, ‘மைனஸ் ஜி’ சுவிட்சில் கோப்பைக் கொடுத்து அறிக்கையைத் தனியாகப் பிறப்பிக்கலாம்.

ஆனால் இந்த அறிக்கையையும் இயல்பு அமைப்புகளோடு நம்பக் கூடாது. மூன்றை மாற்றியே ஆக வேண்டும். ‘ஓவரால் கிரானுலாரிட்டி’, அதாவது ஒரு புள்ளிக்கான நேர இடைவெளி, 60,000 மில்லிநொடி, அதனால் 10 நிமிடச் சோதனைக்குக் கோட்டில் பத்தே புள்ளிகள் விழும், 20 நொடித் திணறல் அதில் கரைந்துவிடும். 5,000 ஆக்கினால் 120 புள்ளிகள். 1,000-க்கு மேலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் த்ரூபுட் (நொடிக்கு எத்தனை கோரிக்கை) வரைபடங்கள் தவறாகும். பயனரின் திருப்தியை அளக்கும் அப்டெக்ஸ் மதிப்பெண்ணின் வரம்புகள் 500, 1,500 மில்லிநொடி என்று இருக்கும். உங்கள் தளத்துக்கு ஏற்றபடி அவற்றை மாற்றாவிட்டால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: ‘ஸ்டாடிஸ்டிக் விண்டோ’ 20,000. பெர்சன்டைல் கணக்கிடும்போது அத்தனை மாதிரிகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு பெயரில் இரண்டு லட்சம் கோரிக்கைகள் இருந்தால், கடைசி 20,000-ஐ வைத்தே அட்டவணை எண் வரும். சோதனையின் கடைசியில் சுமை இறங்கியிருந்தால் அந்த எண் அழகாகத் தெரியும். மொத்த எண்ணிக்கையைவிடப் பெரிதாக அதை வையுங்கள், ஜேமீட்டருக்கு ஒதுக்கும் நினைவகமான ஹீப்பையும் 4 ஜிபி அளவுக்கு உயர்த்துங்கள்.

ஐயம் இருந்தால் ஜேடிஎல் கோப்பையே கேட்கலாம். இரண்டாவது பத்தி (நெடுவரிசை) ‘இலாப்ஸ்டு’, அதாவது பதில் நேரம். அதை மட்டும் எடுத்து எண்வரிசையில் அடுக்கினால், 1,00,000 வரிகளில் 95,000-ஆவது வரிதான் விடை. தோல்வியடைந்த கோரிக்கைகளை முதலில் கழிக்க வேண்டும். சர்வர் 502 என்ற பிழை எண்ணோடு 10 மில்லிநொடியில் விரட்டிவிட்டால், அந்த வேகமான தோல்விகள் பெர்சன்டைலைக் கீழே இழுக்கும். வெற்றியா தோல்வியா என்பது எட்டாவது பத்தி. ஆனால் பதில் செய்தியில் காற்புள்ளி வந்தால், உரையைப் பிரிக்கும் ‘ஆக்’ கட்டளையில் பத்தி நகர்ந்துவிடும். பைத்தானின் சிஎஸ்வி மாட்யூல் அந்த வம்பு இல்லாமல் படிக்கும்.

அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. பழைய ஜேடிஎல் பெயரையே திரும்பக் கொடுத்தால், புதிய வரிகள் அதன் கீழேயே சேர்ந்துகொள்ளும், நேற்றைய சோதனையும் இன்றையதும் ஒரே படத்தில் நடுவே பெரிய வெற்றிடத்தோடு வரும். தேதியும் நேரமும் சேர்த்துப் பெயர் வையுங்கள். அடுத்தது, அறை எண்ணைக் கோரிக்கையின் பெயரில் சேர்ப்பது. அறைக்கு ஒரு கோடு என்று ஆயிரம் கோடுகள் வரும், படம் திறக்கவே திணறும். கிராஃபானா பக்கத்திலோ இதே தவறு இன்ஃப்ளக்ஸ்டிபியின் நினைவகத்தையே விழுங்கும்.

பராமரிப்பையும் எண்ணிப் பாருங்கள். கிராஃபானா வழியில் இரண்டு சர்வர்கள், பேக்கப், டாஷ்போர்டு. இன்ஃப்ளக்ஸ்டிபி 1-க்கு எழுதிய வினாக்கள் 2-இல் அப்படியே ஓடாது, டோக்கன் முறையும் வேறு. நான்கு பேர் கொண்ட குழு ஆண்டுக்கு நான்கு சோதனை ஓட்டுவதற்கு இது கூடுதல் சுமை. வாரந்தோறும் ஓட்டுகிறவர்கள், ஏற்கெனவே கிராஃபானாவில் சர்வர்களைக் கண்காணிக்கிறவர்கள் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம், ஜேடிஎல் எழுதுவதை நிறுத்தாதவரை.

ஜேமீட்டருக்குப் பதில் லோகஸ்ட் என்ற சுமைச் சோதனைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். அது பதில் நேரத்தை இரண்டு இலக்கத்துக்கு உருட்டி (147 என்பது 150 ஆகும்) எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைக்கிறது. நுட்பம் கொஞ்சம் போனாலும், சுமை அனுப்பும் பல வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சரியான பெர்சன்டைல் எடுக்க முடிகிறது. கே6 என்ற இன்னொரு கருவியில் 0.49 பதிப்பிலிருந்து வெப் டாஷ்போர்டு உள்ளேயே இருக்கிறது, 5665 போர்ட்டில் திறக்கும், எச்.டி.எம்.எல். கோப்பாகவும் சேமிக்கலாம். சிறு சோதனைகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருப்பதால் பெரிய சுமைக்கு அதை எடைபோட்டுச் சொல்ல மாட்டேன்.