ஓய்ந்திருக்கும் மடிக்கணினிக்கு எது பொருந்தும்: பாய்ங்க், ஃபோல்டிங் அட் ஹோம், பிரைம்95

வேலையில்லாமல் கிடக்கும் மடிக்கணினியின் கணக்கிடும் திறனை அறிவியலுக்குக் கொடுக்க விரும்புவோர், எந்த ஆய்வு உயர்ந்தது என்ற கேள்வியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். இத்திட்டங்களின் மென்பொருள் ஒரு பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, இணையம்வழி நம்மைப் போன்றோரின் கணினிகளில் ஓட்டுகிறது. அடிக்கடி நின்றுபோகும் ஒரு கணினியை அந்த மென்பொருள் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மேசைக் கணினியை இரவு பகலாக ஓடவிடலாம். மடிக்கணினியோ சார்ஜரிலிருந்து கழற்றப்படும், பைக்குள் போகும், மூடியை மூடியதும் உறங்கிவிடும்.

ஃபோல்டிங் அட் ஹோம் 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டேயின் குழு தொடங்கிய திட்டம். புரதங்கள் எவ்வாறு மடிகின்றன, அசைகின்றன என்பதை அது கணக்கிட்டுப் பார்க்கிறது. 2020-ல் கொரோனா பரவியபோது இலட்சக்கணக்கானோர் இணைந்ததால், அதன் மொத்த வேகம் ஓர் எக்ஸாஃபிளாப்பை, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகளை, தாண்டியது. அன்றைய எந்தத் தனி சூப்பர் கணினியும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை. நிறுவுவதும் எளிது. ஆனால் ஒரு புரதத்தின் அசைவைத் தொடரும் கணக்கில், ஒரு துண்டு முடிந்த இடத்திலிருந்துதான் அடுத்த துண்டு தொடங்க முடியும். ஆகவே நம்மிடம் வந்த துண்டு தாமதமானால் அந்தச் சங்கிலியே காத்து நிற்கிறது. கெடு குறுகியதாக இருப்பதற்கும், விரைந்து முடிப்பவர்களுக்குக் கூடுதல் புள்ளி தருவதற்கும் இதுவே காரணம். தனி வரைகலைச் செயலி (கிராஃபிக்ஸ் கார்டு) உள்ள, நாள் முழுதும் ஓடக்கூடிய கணினிக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை. மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் சும்மா இருக்கும் சாதாரண மடிக்கணினியை இதில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

பாய்ங்க் தனி ஆய்வு அன்று. பல ஆய்வுத் திட்டங்களுக்குப் பொதுவான மேடை. வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சைகைகளைத் தேடிய, 1999-ல் தொடங்கிய செட்டி அட் ஹோமின் அனுபவத்திலிருந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் ஆண்டர்சன் இதை உருவாக்கினார். செட்டி 2020 மார்ச்சோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டாலும் மேடை நிற்கிறது. அதில் நான் பரிந்துரைப்பது 2005-ல் தொடங்கிய ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2010-ல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் தரவிலிருந்து, நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு துடிவிண்மீன் (சுழன்றபடி சீரான துடிப்புகளாக வானொலி அலைகளை வீசும் விண்மீன்) இதன்வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதை முதலில் காட்டிக்கொடுத்தவை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியரின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரின் கணினியும்தான். ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவது அத்திட்டத்தின் வழக்கம். சாதாரண வீட்டுக் கணினிகளின் விடையை ஆய்வாளர்கள் நம்ப முடிவது அதனால்தான். வானத்துச் சைகைத் துண்டுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதில்லை என்பதால் கெடுவும் தாராளமானது. இரண்டு நாள் கணினியைத் திறக்காவிட்டாலும் உழைப்பு வீணாவதில்லை.

பாய்ங்க்கின் அமைப்புகளில் நான் நெடுநேரம் செலவிட்டிருக்கிறேன். செயலி நேரத்தை 50 விழுக்காடு என்று குறைத்தால், மென்பொருள் கணக்கைச் சிறு சிறு இடைவெளிகளில் ஓட்டி நிறுத்துகிறது. விசிறி ஏறி இறங்கும் ஓசை இரவில் எரிச்சலூட்டும். அதற்குப் பதிலாக, செயலியின் நான்கு கருக்களில் (கோர்) இரண்டை மட்டும் பயன்படுத்தச் சொன்னபோது என் பழைய மடிக்கணினியின் வெப்பம் 90 பாகை செல்சியஸிலிருந்து 70-ஐ ஒட்டி இறங்கியது. மின்கலத்தில் ஓடும்போது நிறுத்துமாறும், இடைநிறுத்தும்போது பணியை நினைவகத்திலேயே வைக்குமாறும் குறித்துவிட வேண்டும். பின்னதைக் குறிக்காவிட்டால், கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகான கணக்கு ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும்.

பெரிய பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தின் பிரைம்95 பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1996 முதல் இயங்கிவரும் அத்திட்டம் 2024-ல் 4 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்தது. அதன் கணக்கு செயலியை முழுமூச்சாகப் பிழிவதால், புதிய கணினியின் உறுதியைச் சோதிக்கவே பலர் அதை ஓட்டுகிறார்கள். மெல்லிய மடிக்கணினியில் வாரக்கணக்கில் அதை ஓடவிடுவது முறையன்று.

எதைத் தேர்ந்தாலும் மின்சாரம் நம் கணக்கில்தான். கூடுதலாக 40 வாட் இழுத்து நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், இரு மாதத்தில் 24 யூனிட் ஆகும். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது மின்கலம். முழு சார்ஜில், சூட்டில் மாதக்கணக்கில் இருந்தால் அது உப்பிவிடக்கூடும். என் முந்தைய மடிக்கணினியில் தொடுதட்டு மேலெழும்பி, அழுத்தினால் சொடுக்காமல் போனபோதுதான் அதைக் கவனித்தேன். சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் முதலில் அதை இயக்குங்கள். கணினியைப் படுக்கையில் வைக்காமல் கெட்டியான பலகையில் வையுங்கள்.

வெளியூர் செல்வதற்கு இரண்டு நாள் முன்பே பாய்ங்க்கில் புதிய பணிகளைப் பெறாதிருக்கும் கட்டளையைக் கொடுத்து, கையிலுள்ளவற்றை முடித்து அனுப்பிவிடுங்கள். அதே துண்டைக் கணக்கிட்டு முடித்த இன்னொருவரின் விடை, நம் விடைக்காகக் காத்திருக்கும்.