இஸ்தான்புல் இரவுப் படகு விருந்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விடுமுறைக்குத் துருக்கி போகத் திட்டமிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் ஊர் திரும்பி நான்கு நாள் ஆவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். இஸ்தான்புல்லில் பாஸ்போரஸ் நீரிணையில் இரவுப் படகுச் சுற்று என்று ஒன்று இருக்கிறது. மூன்று மணி நேரம், சாப்பாடு, துருக்கிப் பாரம்பரிய நடனம், இருபக்கமும் விளக்கு போட்ட அரண்மனைகள். ஓட்டல் வரவேற்பறையில், தெருமுனைப் பயண அலுவலகத்தில், ஃபோனைத் திறந்தால் விளம்பரத்தில் என்று எங்கே திரும்பினாலும் இதை விற்கிறார்கள். அப்பா, அம்மா, நான், என் 9 வயது மகன் என நான்கு பேர் போனோம். பேசிய தொகை 160 யூரோ. இறங்கும்போது அதற்கு மேல் 119 யூரோ கொடுத்துவிட்டு இறங்கினோம்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் 34 வருடம். 1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைப் பிடித்தார்கள் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்து மறந்த அந்த வரியை அப்பா ஒரு வகுப்பு முழுக்க நடத்துவார். கரும்பலகையில் நீரிணையை வரைந்து, அது மிகவும் குறுகும் இடத்தில் இந்தக் கரையில் ஒரு கோட்டை, அந்தக் கரையில் ஒரு கோட்டை என்று இரண்டு கட்டம் போடுவார். ஆசியக் கரைக் கோட்டை, நகரைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் கொள்ளுத்தாத்தா பாயசித் கட்டியது, ஐரோப்பியக் கரையில் ருமேலி ஹிசாரியை மெஹ்மத் 1452-இல் நான்கே மாதத்தில் கட்டி முடித்தான், அதன் பிறகு கருங்கடலிலிருந்து தானியக் கப்பல்கள் அவன் அனுமதி இல்லாமல் நகருக்குள் வருவது கடினமாகிவிட்டது என்று சொல்வார். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு அந்தக் கோட்டையைத் தண்ணீரில் இருந்தபடி காட்ட வேண்டும் என்பதுதான் பயணத்தின் முழு நோக்கமே.

சிர்கெஜியில் நாங்கள் தங்கிய ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பயண அலுவலகம். அங்கிருந்த இளைஞர் நன்றாகப் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார், அம்மா சைவம் என்றதும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பெரியவர்களுக்கு 45 யூரோ, பையனுக்கு 25. ஜன்னலோர மேசை, மது இல்லாத பானங்கள் அளவில்லாமல், ஓட்டலிலிருந்து கூட்டிப்போய் திரும்பக் கொண்டுவிடுவது, எல்லாம் சேர்த்து. அப்பாவுக்குப் பிறந்தநாள் என்று நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். "எங்கள் அன்பளிப்பாக ஏதாவது செய்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தியும் அனுப்பினார். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, இப்போது எனக்கு உதவுகிற ஒரே விஷயம் அதுதான்.

வேன் 7 மணிக்கு என்றார்கள், 7.30-க்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு ஓட்டலாக நின்று ஆள் ஏற்றி, நெரிசலில் ஊர்ந்து, கபதாஷ் படகுத்துறைக்குப் போய்ச் சேர 8.40. ஏறும் இடத்திலேயே ஒருவர் ஒட்டோமான் சுல்தான்கள் காலத்து உடையில் நின்று நம் தோளில் கை போட, இன்னொருவர் படம் எடுத்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்லும் முன் எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

எங்களுக்குக் கொடுத்த மேசை கீழ்த்தளத்தின் நடுவில், சமையலறைக் கதவை ஒட்டி. ஜன்னல் என்று சொன்னார்களே என்றேன். ஜன்னலோரம் வி.ஐ.பி. வகுப்பு, ஆளுக்கு 15 யூரோ கூடுதல் என்றார் மேற்பார்வையாளர். வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். அது அந்த அலுவலகத்தார் சொன்னது, படகு எங்களுடையது, எங்கள் பட்டியலில் உங்களுக்கு இந்த மேசைதான் என்றார். அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. அதற்குள் படகு கிளம்பிவிட்டது. இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் ஒருவர், படகு ஓட்டுகிறவர் வேறொருவர், உண்மையான விலை நமக்குத் தெரிய வரும் நேரத்தில் சுற்றிலும் தண்ணீர். எழுந்து போய்விடலாம் என்ற ஒரு வழி நமக்கு இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 60 யூரோ கூடக் கொடுத்து ஜன்னலுக்கு மாறியிருக்கலாம்தான், ஆனால் அப்பா என் கையைப் பிடித்து, "விடும்மா, இங்கிருந்தே தெரியும்" என்றார்.

தெரியவில்லை. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டோல்மாபாஹ்சே அரண்மனை, ஒர்தாகொய் மசூதி, முதல் பாலம் என்று ஒவ்வொன்றாகக் கடக்கும் அதே நேரத்தில்தான் மேடையில் விளக்கைப் போட்டு நிகழ்ச்சியைத் தொடங்குகிறார்கள். உள்ளே அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், வெளியே எதுவும் தெரியாது. ஜன்னலுக்குக் காசு கட்டியவர்களும் கையைக் கண்ணாடியில் குவித்து வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். ருமேலி ஹிசாரி வந்துவிட்டது என்று அப்பாவை மேல்தளத்துக்குக் கூட்டிப்போக எழுந்தபோது, நிகழ்ச்சி நடக்கும்போது படியில் நிற்கக்கூடாது என்று பணியாள் தடுத்தார். ஐந்து நிமிடம் வாதாடி மேலே போனோம், படகு திரும்பியிருந்தது, கோட்டை பின்னால் மஞ்சள் விளக்குக் கோடாகத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஆடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏகியன் பகுதியின் ஸெய்பெக் ஆட்டத்தை இரண்டு பேர் ஆடினார்கள். கழுகு சிறகு விரித்ததுபோல் இரண்டு கையையும் அகல விரித்து, மிக மெதுவாகச் சுற்றி வந்து, சட்டென்று ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எழுவது. அந்த நிதானத்தில் ஒரு வீரம் இருந்தது, மகன் வாயைத் திறந்தபடி பார்த்தான். ஆனால் மெவ்லெவி என்ற சூஃபிப் பிரிவினரின் சுழல் நடனத்தை அவர்கள் நடத்திய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலையில்தான் கலாட்டா மெவ்லெவி மடத்தைப் பார்த்திருந்தோம், 1491-இல் தொடங்கிய மடம், இப்போது அருங்காட்சியகம். அந்த உயரத் தொப்பி கல்லறைக் கல், வெள்ளைப் பாவாடை சவத்துணி, கறுப்பு மேலங்கியைக் கழற்றுவது இந்த உலகத்தைக் கழற்றுவது, மேலே திரும்பிய வலது கை இறைவனிடமிருந்து வாங்கி கீழே திரும்பிய இடது கை மண்ணுக்குத் தருகிறது என்று அங்கே தெரிந்துகொண்டு வந்திருந்தோம். அது ஆட்டமே இல்லை, வழிபாடு. அம்மாவுக்கு அது அப்படியே மனதில் பதிந்துவிட்டது. படகில் அந்த இளைஞர் சுழலத் தொடங்கியதும் அம்மா தன்னையறியாமல் கைகூப்பினார். அதே நொடியில் எங்கள் மேசைக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பணியாள் வந்து நின்று, இன்னொரு பானம் வேண்டுமா என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், மேலே பச்சையும் ஊதாவுமாக மின்னும் விளக்கு. நான்கு நிமிடத்தில் அவர் போய்விட, வயிற்று நடனத்துக்கு மேளம் ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு ஸெமா என்ற இந்தச் சுழல் சடங்கைப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்று நடத்தும் இடத்தில், சாப்பாடு இல்லாமல், தனியாகப் பாருங்கள்.

அம்மாவின் சாப்பாடு. எல்லோருக்கும் பொதுவாக வைத்த மெஸ்ஸே தட்டு, அதாவது முதலில் தரும் சின்னச் சின்னப் பதார்த்தங்கள், நன்றாகத்தான் இருந்தது, கத்தரிக்காய், தயிர், பீன்ஸ். அப்புறம் சைவம் என்று சொல்லி எங்கள் கோழித் தட்டில் இருந்த அதே சோற்றையும் அவித்த கேரட்டையும் கோழி இல்லாமல் கொண்டுவந்தார்கள். துருக்கியில் பிலாவ் என்ற இந்தச் சோற்றைப் பல இடங்களில் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். இதை நான் முன்பே படித்திருந்ததால் "தவுக் சுயு", அதாவது கோழித் தண்ணீர், இருக்கிறதா என்று கேட்டேன். பணியாள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஆமாம், ஆனால் துண்டு எதுவும் இல்லை என்றார். அம்மா அதற்குள் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். சைவக்காரர்கள் "எத்ஸிஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு இறைச்சி இல்லாதது என்றுதான் அர்த்தம், இறைச்சி வேகவைத்த தண்ணீர் அதில் அடங்காது. "எத் சுயு (இறைச்சித் தண்ணீர்), தவுக் சுயு இருக்கக்கூடாது" என்று சேர்த்து எழுதிக் காட்டுங்கள், பருப்பு சூப்புக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இனி பிறந்தநாள். பத்தரை மணி இருக்கும், திடீரென்று விளக்கை அணைத்தார்கள், மேளக்காரர் முன்னால் வர, மெழுகுவத்தியோடு ஒரு சின்ன கேக் எங்கள் மேசைக்கு வந்தது. படகே பாடியது. அப்பா எழுந்து நின்று எல்லாப் பக்கமும் கும்பிட்டார், கண் கலங்கியிருந்தது. அதுவரை நடந்ததையெல்லாம் அந்த நிமிடத்தில் நான் மன்னித்துவிட்டேன், உண்மையாகவே. அரை மணி நேரம் கழித்து ஒரு தோல் அட்டைக்குள் பில் வந்தது. நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த பழம், கொட்டைப் பருப்புத் தட்டு 35 யூரோ. தண்ணீர், டீ 24 யூரோ, ஏனென்றால் அளவில்லாத பானம் என்பது சாப்பாடு முடியும் வரைதானாம். பிறந்தநாள் ஏற்பாடு 60 யூரோ. சேவைக் கட்டணம் 20. ஆக 139. அது போக, ஏறும்போது எடுத்த படங்களைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து 40 யூரோ என்றார்கள், அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பில்லை அப்பா பார்க்காதபடி மடிக்க முயன்றேன், பார்த்துவிட்டார். நான் குரலை உயர்த்தினேன், அன்பளிப்பு என்று எழுதியிருப்பதைக் காட்டினேன், பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மேற்பார்வையாளர் சேவைக் கட்டணத்தை மட்டும் அடித்து நீக்கினார். அப்பா மெதுவாக, "சாப்பிட்ட கேக்குக்குக் காசு கொடுத்துத்தானே ஆகணும், குழந்தை பயப்படுறான், கொடுத்துடு" என்றார். 119 யூரோவைக் கார்டில் தேய்த்தேன். ரூபாயில் பதினோராயிரத்தை ஒட்டி வந்தது. மறுநாள் காலை அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, தன் பிறந்தநாளால்தான் செலவு என்று அவர் மனதுக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்த 119 யூரோவில் எந்தத் தொகையை வேண்டுமானாலும் நான் விட்டுவிடுவேன், அந்த 60-ஐ விடமாட்டேன்.

ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன், பணம் கட்டும் முன் "ஃபிஷ்" கேட்டேன், அதாவது இயந்திரத்தில் அச்சாகும் ரசீது. கையால் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினார்கள், ரசீது இல்லாமல் கார்டைத் தர மாட்டேன் என்று நின்ற பிறகுதான் வந்தது. ஒவ்வொரு செலவும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். திரும்பும் வேன் எங்களை ஓட்டலில் விடவில்லை, நள்ளிரவில் டிராம் பாதை ஓரம் இறக்கிவிட்டது, கால் மணி நேரம் நடந்தோம்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். வேறொருவர் இருந்தார். படகில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. துருக்கியில் பயண முகவர்கள் டுர்சாப் என்ற சங்கத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும், அந்த எண் உள்ள பலகை கடையில் இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பலகையைத் தேடிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்போதுதான் தேடினேன், அந்தச் சுவரில் இல்லை. சுல்தான் அஹ்மத் பகுதியில் சுற்றுலாக் காவல் நிலையம் இருக்கிறது, போயிருக்கலாம், ஆனால் எங்களுக்கு ஊரில் மிச்சம் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கழிக்க நான் விரும்பவில்லை.

அந்த நாளில் எமினொனு படகுத்துறையிலிருந்து மாநகராட்சியின் ஷெஹிர் ஹத்லரி படகில் ஏறினோம். அதில் பாஸ்போரஸைச் சுற்றிக் காட்டவே குறுகிய சுற்று ஒன்று இருக்கிறது, இரண்டு மணி நேர அளவு, இரண்டாவது பாலம் வரை போய்த் திரும்பும். காலையில் கிளம்பி, நீரிணையின் கருங்கடல் முனையை ஒட்டிய அனடோலு கவாகி என்ற ஊர் வரை போகும் நீண்ட சுற்றும் உண்டு. ஜன்னலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, வெளித்தளத்தில் மர பெஞ்சு, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இடம். அரை மணி முன்னால் போய்விடுங்கள். நடனம் இல்லை, கண்ணாடிக் குவளையில் டீ விற்பார்கள், கரையிலேயே சிமித் (எள் தூவிய வளைய ரொட்டி) வாங்கி வைத்துக்கொண்டால் போதும். எங்கள் நான்கு பேருக்கும் ஆன டிக்கெட் செலவு முந்தைய இரவின் பழத்தட்டு விலையைத் தொடவில்லை. வெறுமனே இரவு விளக்குகளைப் பார்க்க ஆசை என்றால் எமினொனுவிலிருந்து ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாருக்குப் போகும் சாதாரணப் படகில் இருட்டிய பிறகு ஒரு தடவை போய்வாருங்கள், இஸ்தான்புல் கார்ட் என்ற நகரப் போக்குவரத்து அட்டையைத் தட்டினால் போதும்.

ருமேலி ஹிசாரி வந்தபோது அப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சரிவில் ஏறி இறங்கும் மதில், மூன்று பெரிய கோபுரங்கள், எதிர்க்கரையில் சின்னதாக பாயசித் கட்டிய அனடோலு ஹிசாரி, நடுவில் 700 மீட்டர் தண்ணீர். "இதுக்கு அப்போ போகஸ்கெசென்னு பேரு, போகஸ்னா துருக்கியில நீரிணை, தொண்டை ரெண்டும்தான், கெசென்னா அறுக்கிறது" என்று பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்தவர், படகு திரும்பி வரும் வரை நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு துருக்கிப் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, மெஹ்மத் என்ற பேர் காதில் விழும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வங்கியில் அந்த 119 யூரோவுக்கு எதிர்ப்பு பதிந்திருக்கிறேன். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கார்டு பரிவர்த்தனைச் செய்தி மூன்றையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன். யாராவது ஏற்கெனவே இந்த மாதிரி படகுக்கு முன்பணம் கட்டியிருந்தால், எந்தத் தளம், எந்த மேசை, தண்ணீர் எதுவரை, கேட்காமல் வைக்கும் தட்டுக்குக் காசு உண்டா என்று இன்றே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறந்தநாள், திருமண நாள் எதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.