காருக்குள் சிக்னல்: பூஸ்டரா, இரண்டாவது சிம்மா?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை தினமும் கார் ஓட்டுகிறவன் நான். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், “கேட் பாஸ் ரெடி சார், நீங்க...” என்பதோடு போனில் ஆபீஸ் பையன் குரல் கட்டாகிவிடும். சிக்னலைக் கூட்டும் பூஸ்டரா, வேறு கம்பெனி சிம்மா என்று பார்த்து, கடைசியில் சிம்தான் போட்டேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயும்.

பூஸ்டர் என்பது கூரையில் ஒரு ஆன்டெனா, நடுவில் பெருக்கும் பெட்டி, உள்ளே இன்னொரு ஆன்டெனா. இரண்டுக்கும் இடைவெளி போதாவிட்டால், மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனது போலத் தன் சிக்னலையே திரும்ப வாங்கிப் பெருக்கும். சின்ன காரில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளோடு சரி. 2300-இல் வரும் 4ஜிக்கும் 3500-இல் வரும் 5ஜிக்கும் அவற்றால் பயனில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் முடிவைத் தீர்மானித்தது சட்டம். உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் குற்றமாக்கியது. தனியார் தாமாகப் பூஸ்டர் வைப்பது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆன்லைனில் கிடைக்கிறதே என்றால், கிடைப்பது வேறு, அனுமதி வேறு. அமெரிக்காவில் காருக்கென்றே அங்கீகரித்த பூஸ்டர்கள் உண்டு, 50 டெசிபல் வரை பெருக்கலாம். அந்த விதி இங்கே செல்லாது.

தடைக்குக் காரணமும் நியாயமானதுதான். பூஸ்டர் நம் குரலை மட்டும் டவருக்கு அனுப்புவதில்லை, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி அனுப்புகிறது. தரமான கருவி டவர் அருகே போனதும் தானே அடங்கும், மலிவானது அடங்காது. பக்கத்து லாரி டிரைவரின் போன் பேச்சு அறுந்துபோக நம் பெட்டியே காரணமாகலாம்.

சிம் விஷயத்தில் உருப்படியான வேலை ஒன்றுதான்: எந்தக் கம்பெனி என்று பார்ப்பது. திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் ‘சிம் நிலை’ என்ற இடத்தில் டிபிஎம் என்ற சிக்னல் பலக் கணக்கு இருக்கும், மைனஸ் எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 85 என்றால் சுகம். மைனஸ் 115 என்றால் பேச்சு அறுபடும். கூட வருகிறவர் போனில், நாம் தவிக்கும் அதே இடத்தில் பார்த்துவிடுங்கள். அப்புறம், முதல் சிம் எல்லைக்கு வெளியே போனால் அதற்கு வரும் கால் இரண்டாவதற்குத் திரும்பும்படி செட்டிங்ஸில் வைத்துவிடுங்கள். செலவு ரீசார்ஜ் மட்டும்தான். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டதால், டேட்டாவுக்குக் காசு அழ வேண்டியதில்லை.

பூஸ்டர் வைத்த காரை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. எல்லா நெட்வொர்க்கும் ஒற்றைக் கோட்டில் தடுமாறும் இடத்தில் நல்ல பூஸ்டர் சிம்மை ஜெயிக்கும் என்றுதான் தோன்றுகிறது. மீஞ்சூர் தாண்டி உள்ளே போகிறவர்களுக்கு என் வழி எவ்வளவு தூரம் உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெயில் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும். அதுவும் சிக்னலைத் தின்னும்.